நாப்பத்திநாலு பதினேழு

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். காலை நிறுத்தினால் விரல் மேசையைத் தட்டும். "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ, இவ எப்படித்தான் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி குந்தியிருக்காளோ" என்று அண்ணி சொல்லுவாங்க. குந்தியிருப்பது எங்கே? பாதி நாள் ஜன்னல் திண்டில் லேப்டாப்பை வைத்து நின்றுகொண்டேதான் வேலை பார்க்கிறேன். போர்டு ஓட ஆரம்பித்த அன்றைக்கு எனக்கு நிற்கவும் முடியவில்லை.

எங்கள் ஆபீஸ் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. காலேஜ், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று யார் கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுப்போம். அந்தத் தடவை வந்தது வேறு மாதிரி வேலை. அரியலூருக்கு வெளியே ஒரு மைன்ஸ். அங்கே சுண்ணாம்புக்கல் ஏற்ற வரும் டிப்பர் லாரிகள் ஒரு பொட்டலில் வரிசை கட்டி நிற்கும். அந்தப் பொட்டலுக்குத்தான் யார்டு என்று பெயர். யாருக்கு இப்போது டர்ன் என்பதை கேட் கிளார்க் மைக்கில் கூப்பிடுவார். அவர் கூப்பிடுவதில் ஓரவஞ்சனை இருக்கிறது, டீ வாங்கிக் கொடுத்தவனுக்கெல்லாம் முதல் டர்ன் என்று தினமும் சண்டை. அதனால் தகரக் கொட்டகையில் ஒரு பெரிய டி.வி.யை மாட்டி, டர்னை அதில் காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். டி.வி.யில் ஓடும் அந்த டர்ன் போர்டை நான் செய்ய வேண்டும்.

அந்த யார்டில்தான் எங்கள் அண்ணனும் வண்டி ஓட்டுகிறது. அண்ணனே ஓனர், அண்ணனே டிரைவர். அப்பா போனதற்குப் பிறகு வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும் நான் எம்.சி.ஏ. முடித்ததும் அந்த ஒரு லாரியால்தான். போர்டு வருகிறது என்றதும் டிரைவர்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மைக்கில் நடக்கிற திருட்டு இனி டி.வி.யில் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்கள். அதில் வாய் பெரிது தா.பழூர்க்காரருக்கு. மற்ற டிரைவர்கள் எல்லாம் அவர் சொல்லுக்குத்தான் காத்திருப்பார்கள். அவர் முன்னால் டீக்கடையில் நின்று அண்ணன் சொன்னதாம், "என் தங்கச்சி போடுற போர்டு. அதுல ஓரவஞ்சன நடந்தா என் வண்டிய இந்த யார்டுல வுட மாட்டேன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வேலையில் தப்பே வராது என்று எவன் சத்தியம் செய்வான்? ஊருக்குப் போய்ச் சண்டை போட்டேன். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ செய்யிறதுல என்ன தப்பு வரும்" என்றது. அந்த நம்பிக்கையை வாங்கி எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதெல்லாம் ஒரு திரையை மொத்தமாக யாரும் எழுதுவதில்லை. ஃப்ரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறது. அதில் திரையைத் துண்டு துண்டாகச் செய்துவைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு கம்போனென்ட். லாரிக்கு ஒரு அட்டை என்றால், அட்டையை ஒரே ஒரு தடவை எழுதினால் போதும். அப்புறம் நம்பர் இது, நிறம் இது, எழுத்து இவ்வளவு பெரிசு என்று வெளியிலிருந்து சொல்லச் சொல்ல, அதே அட்டை வேண்டிய மட்டும் வந்து வரிசையாக நிற்கும். சொன்னதைக் கேட்கும், எதிர்த்துப் பேசாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஜென்மம் கிடையாது. அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

ஆனால் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு அடையாளம் கட்டாயம் கொடுக்க வேண்டும். வரிசை நகரும்போது வெளியே போனது யார், இன்னும் நிற்பது யார் என்று ஃப்ரேம்வொர்க் அந்த அடையாளத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். நான் லாரியின் கடைசி நாலு நம்பரை அடையாளமாகக் கொடுத்தேன். எங்கள் ஆபீஸ் சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "முழு நம்பரையும் வாங்கிக்கலாமேம்மா" என்றார்.

"சார், உங்களுக்கு யார்டப் பத்தித் தெரியாது. அங்க முழு நம்பரு எவனும் சொல்ல மாட்டான். நாலு நம்பருதான் அங்க பேரே. முழுசாப் போட்டா எழுத்து சின்னதாயிடும், வண்டிக்குள்ள உக்காந்து பாக்குறவனுக்குத் தெரியாது" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யும் இல்லை. யார்டில் அண்ணனுக்குப் பெயர் கிடையாது. நாப்பத்திநாலு பதினேழுதான். "ஏ நாப்பத்திநாலு பதினேழு, டீ சாப்புட வர்றியா" என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் கல்யாணத்துக்கு வந்த டிரைவர்கள் மொய் எழுதும் இடத்தில் மாப்பிள்ளை பேர் என்ன என்று விசாரித்தார்கள். எங்கள் தெருவிலேயே என்னை நாப்பத்திநாலு பதினேழு தங்கச்சி என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த நாலு நம்பர் எனக்குத் தூக்கத்திலும் வரும். அதனால் கேட்டில் கிளார்க் நம்பர் அடிக்கிற கட்டத்தையும் நாலு எழுத்துக்கு மேல் வாங்காதபடி வைத்தேன்.

போர்டு ஓடுகிற அன்றைக்கு விடியற்காலையிலேயே அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியது. வண்டியைக் கழுவி, முன்னால் சாமந்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி நிறுத்தியிருந்தது. ஆயுத பூஜைக்குக்கூட இவ்வளவு செய்யாது. நான் பல் விளக்கிக்கொண்டே பார்த்து, ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மூடினேன். எனக்கு அப்போது மனசெல்லாம் டி.வி.யில் எழுத்து சரியாக வருமா என்பதில் இருந்தது.

ஆபீஸுக்கு வந்ததிலிருந்து ஒரே பாடு. டி.வி.யில் ஓடுவதை என் லேப்டாப்பிலும் பார்க்கலாம். கருப்புப் பின்னணியில் வெள்ளை அட்டைகள். டர்ன் வந்தால் அட்டை பச்சையாக மாறும், வண்டி உள்ளே போய்விட்டால் அட்டை மறைந்துவிடும், மற்றவை மேலே ஏறும். ஒவ்வொன்றும் ஏற ஏற நானும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கீழே போய் டீ குடித்தேன். திரும்பி வந்தேன். திரும்பவும் போனேன். டீக்கடைக்காரர், "என்னம்மா, இன்னைக்கு ஆபீஸ்ல வேலையே இல்லையா" என்று கேட்டார். நடுவில் ஆஸ்பத்திரிக்காரர்கள் போன் செய்து அவர்கள் வெப்சைட்டில் ஒரு டாக்டர் படத்தை மாற்றச் சொன்னார்கள். மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அண்ணன் கூப்பிட்டது.

பின்னால் ஒரே கூச்சல். "பாப்பா, போர்டுல எனக்குப் பச்ச வுழுந்துச்சு. வண்டிய எடுத்துட்டேன்."

"நல்லதுதானண்ணே."

"என்னா நல்லது. எனக்கு முன்னாடி ஏழெட்டு வண்டி நிக்கிது. நான் ஸ்டியரிங்குல சாஞ்சு தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா பச்ச. எல்லாம் போயிருச்சு போலருக்குன்னு நேரா வுட்டுட்டேன். மறிச்சுட்டாங்க பாப்பா. சாவியப் புடுங்கி வச்சுட்டாங்க."

யாரோ போனுக்குக் கேட்கும்படியே சொன்னார், "தங்கச்சி போர்டுல்ல, அண்ணனுக்குப் பச்ச வுழாம பின்ன யாருக்கு வுழுவும்."

"சாயங்காலம் ஷிப்ட் மாறுறப்ப எல்லாரும் கூடிப் பேசப்போறாங்களாம்" என்றது அண்ணன். குரல் இறங்கிவிட்டது. "நான் சொன்ன வார்த்தையையே சொல்லிக் காட்டுறாங்க. இனிமே என் வண்டி இங்க நிக்கக் கூடாதுங்கறாங்க. என்னா ஏதுன்னு பாரு பாப்பா."

லேப்டாப்பில் பார்த்தால் வரிசையில் கீழே நிற்க வேண்டிய 4417 பச்சைப் பசேலென்று நிற்கிறது. திரையில் தப்பைக் காட்டும் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். இந்தச் சனியன் பிடித்த ஃப்ரேம்வொர்க் தப்பு நடந்தால் சிவப்பு எழுத்தில் சொல்லத்தான் செய்யும். ஆனால் நாம் திறந்து பார்க்கிற இடத்தில் சொல்லும். தகரக் கொட்டகையில் மாட்டின டி.வி.யில் அதை யார் திறந்து பார்ப்பது? சிவப்பு எழுத்து சொன்னது இதுதான்: ஒரே அடையாளத்தில் இரண்டு அட்டை.

கேட்டில் பதிவானதைப் பார்த்தேன். காலையில் ஒரு 4417. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 4417. முதல் 4417-க்கு டர்ன் வந்து பச்சையாகி உள்ளே போய்விட்டது. அந்த அட்டை மறைய வேண்டும். மறையவில்லை. அடையாளம் ஒன்றாக இருந்ததால், அந்தப் பச்சை அப்படியே கீழே நின்ற 4417-க்கு வந்துவிட்டது. இவ்வளவும் புரிந்துவிட்டது. புரியாதது ஒன்றுதான். அந்த நம்பரை இரண்டு தடவை கொடுத்தது யார், ஏன்?

கிளார்க்குக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கொட்டகையில் கலாட்டா நடக்கும்போது எங்கே எடுப்பார். அப்போது என் புத்தி போன போக்கு இருக்கிறதே. சீக்கிரம் டர்ன் வரட்டும் என்று அண்ணனே இரண்டு தடவை நம்பரைக் கொடுத்திருக்குமோ? நேற்று வேறு, இன்றைக்கு நாலு நடை லோடாவது அடிக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்ததே. யோசித்து முடிக்கிறதுக்குள் விரல் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டது.

"அண்ணே, நீ கேட்ல ரெண்டு தடவ நம்பர் குடுத்தியா?"

"நீயுமா கேக்குற" என்றது. போனை வைத்துவிட்டது. நான் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அதற்குமேல் அங்கே உட்கார என்னால் ஆகவில்லை. "சார், நான் யார்டுக்குப் போறேன்" என்று பையை மாட்டினேன். அவர், "இங்கேருந்தே சரிபண்ணிட்டு அப்புறம் போலாமேம்மா, போயி என்ன பண்ணப்போற" என்றார். என்ன பண்ணப்போகிறேன் என்று எனக்கும் தெரியாது. படியில் இறங்கும்போது ஒரு செருப்பு கழன்று ஜெராக்ஸ் கடை வாசலில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன்.

அரியலூர் பஸ் புறப்படுகிறேன் புறப்படுகிறேன் என்று உறுமிக்கொண்டே நின்றது. டிரைவர் இறங்கிப்போய் வெற்றிலை வாங்கினார். கண்டக்டர் "அரியலூர் அரியலூர்" என்று இல்லாத ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நானே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன். உட்கார இடம் இருந்தும் முன்படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். ஒருவழியாகக் கிளம்பி, ஊரைத் தாண்டி, பருத்திக் காடும் மக்காச்சோளக் காடும் முடிந்து, ரோட்டோர மரமெல்லாம் வெள்ளைத் தூசி பூசிக்கொள்கிற இடம் வந்ததும் பஸ் மாட்டிக்கொண்டது. முன்னால் வரிசையாக டிப்பர்கள். ஏதோ ரோட்டு வேலை. நத்தை மாதிரி நகர்ந்தது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. சும்மா நிற்க முடியாவிட்டால் முன்னால் போகிற வண்டி நம்பரைக் கூட்டிப் பார்ப்பேன். கூட்டுத்தொகை ஒன்பது வந்தால் நல்லது என்று மனசுக்கு ஒரு ஆறுதல். அன்றைக்கும் கூட்டினேன். முதல் லாரி ஐந்து. எதிரே வந்தது ஏழு. அடுத்தது எட்டு. பார்த்த நம்பர் மாதிரியே இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தேன். நாலு நம்பரில் மூன்று நம்பர் ஒன்றுதான். ஆனால் ஒன்று டி.என். அறுபத்தொன்று, அரியலூர் வண்டி. இன்னொன்று டி.என். நாற்பத்தாறு, பெரம்பலூர் வண்டி.

நாற்பத்தாறிலும் ஒரு 4417 இருக்கும். அறுபத்தொன்றிலும் ஒரு 4417 இருக்கும். அடக் கடவுளே, இது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. வெளியூர்க்காரன் எவனாவது இந்த போர்டைச் செய்திருந்தால் முழு நம்பரையும் வாங்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பான், இந்த வம்பே வந்திருக்காது. யார்டைப் பற்றி எல்லாம் தெரிந்த நான் செய்ததால்தான் வந்தது. எங்கள் அண்ணனுக்கு அந்த நாலு நம்பர்தான் பெயர். அதே பெயரில் இன்னொரு வண்டி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிளார்க் இப்போது எடுத்தார். "சார், காலையில மொதல்ல வந்த நாப்பத்திநாலு பதினேழு எந்த ஊரு வண்டி?"

"அதுவா, செந்துறைப் பக்கத்து மைன்ஸ் வண்டிம்மா. அங்க குழியில தண்ணி நின்னுபோச்சுன்னு இன்னைக்கு இங்க அனுப்பிருக்காங்க. அந்த வண்டிய அங்க அய்யனார் வண்டிம்பாங்க, முன்னாடி எழுதியிருக்கும். நம்பர் கேட்டேன், குடுத்தாரு, அடிச்சேன். லோடு ஏத்திட்டுப் போயிட்டாரு. ஏன், அதுக்கும் இந்தச் சண்டைக்கும் என்னா?"

"நேர்ல வந்து சொல்றேன் சார்" என்று சொன்னேன். அண்ணனைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ஷேர் ஆட்டோவில் தொற்றி யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் மாறும் நேரம். தகரக் கொட்டகைக்கு முன்னால் டிரைவர்கள் கூடியிருந்தார்கள். அண்ணன் வண்டியை வரிசைக்கு வெளியே பக்கவாட்டில் ஓரம் கட்டியிருந்தார்கள். சாமந்தி மாலை வெயிலில் வாடி, வெள்ளைத் தூசி படிந்து தொங்கியது. அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய், "அண்ணே, நான் கேட்டது தப்பு" என்றேன். "வுடு, மொதல்ல அங்க பேசு" என்று கொட்டகைப் பக்கம் கையைக் காட்டியது.

தா.பழூர்க்காரர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "வாம்மா, பாப்பா. போர்டு நல்லாத்தான் போட்டுருக்க. அண்ணனுக்கு மட்டும் சீக்கிரம் ஓடுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணன் அங்கே உட்கார்ந்திருப்பதை நினைத்து அடக்கிக்கொண்டேன். "ரெண்டு வண்டிங்க. ரெண்டுக்கும் ஒரே நாலு நம்பரு. ஒண்ணு நாப்பத்தாறு, ஒண்ணு அறுபத்தொண்ணு. நான் நாலு நம்பர மட்டும் வச்சு ஆளு அடையாளம் பாக்கச் சொல்லியிருந்தேன். அது ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிருச்சு."

"மிசினு எப்பிடிம்மா நெனைக்கும்?"

"ரேசன் கடையில வரிசையில பைய வச்சுட்டு நெழல்ல போயி உக்காருவீங்கல்ல?"

"உக்காருவோம்."

"உங்க பையும் இன்னொருத்தரு பையும் ஒரே கல்யாணத்துல குடுத்த மஞ்சப்பையா இருந்தா?"

"அடிதடிதான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"அதாங்க இங்க நடந்துருக்கு. அய்யனார் வண்டிக்கு வுழுந்த பச்ச, பை மாறி எங்க அண்ணன் கைக்கு வந்துருச்சு."

கிளார்க்கும் ஆமாம், செந்துறை வண்டி ஒன்று வந்தது, எடை போட்ட சீட்டும் இருக்கிறது என்றார். கொஞ்சம் பேர் சரிதான் என்பது மாதிரி கலைந்து நின்றார்கள். தா.பழூர்க்காரர் அசையவில்லை.

"பை மாறிச்சு, சரி. இத்தன வண்டி நிக்கிதுல்ல, மாறுன பை ஏன் உங்கண்ணன் பையாவே இருக்கு? நீ படிச்ச புள்ள. இதே நம்பருல இன்னொரு வண்டி ஓடுறது உனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும். அது வந்தா அண்ணனுக்குத் தோது ஆவட்டும்னுதான் நாலு நம்பரோட நிறுத்திட்ட. இல்லேன்னு சொல்லு பாப்போம்."

இல்லை என்று எப்படிச் சொல்வது? எதை எடுத்துக் காட்டுவது? லேப்டாப்பைத் திறந்து காட்டினால் இவர்களுக்கு என்ன புரியும்? நான் வாயைத் திறந்து கத்தப்போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சத்தம் போடாத. உங்கண்ணன் வண்டி நம்பரச் சொல்லு."

"நாப்பத்திநாலு பதினேழு."

"அது எனக்கே தெரியும். முழுசாச் சொல்லு."

"டி.என். நாப்பத்தாறு" என்றேன். அதற்கு அடுத்து எழுத்து வர வேண்டும். எழுத்து வரவில்லை. 'எம்' எழுத்தா, 'என்' எழுத்தா? ஒரு எழுத்தா, ரெண்டு எழுத்தா? வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். அது பக்கவாட்டில் நின்றது, பிளேட் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு அதே வண்டியின் முன்சீட்டில் ஏறி வந்திருக்கிறேன். காலேஜ் பெட்டியை அதில்தான் ஏற்றிக் கொண்டுபோனோம். "எம்..." என்று இழுத்தேன். அதற்குமேல் வாய் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். என் கால் அப்படி ஆடாமல் நின்றது அன்றைக்குத்தான்.

தா.பழூர்க்காரர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது.

"அடப்பாவமே. அண்ணன் வண்டி நம்பரே தெரியலடா இதுக்கு. இதுவா அண்ணனுக்கு உள்குத்து வேல பண்ணப்போவுது."

எல்லாரும் சிரித்தார்கள். கிளார்க்கும் சிரித்தார். ஒருவர், "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அப்பன் பொறந்தநாளே தெரியாது, வண்டி நம்பரு எங்க தெரியப்போவுது" என்றார். அதற்கும் சிரித்தார்கள். சண்டை அந்தச் சிரிப்பிலேயே கரைந்துவிட்டது. தா.பழூர்க்காரர் சாவியை அண்ணன் பக்கம் வீசினார். "எடுத்துக்கய்யா. உன் வண்டி இங்கதான் நிக்கும். உன் எடத்துல போயி நில்லு." அண்ணனும் சிரித்தது. எல்லாரும் சிரித்து முடித்ததற்கு அப்புறம், தரையில் விழுந்த சாவியைக் குனிந்து எடுத்துக்கொண்டே சிரித்தது.

என் அண்ணன் கொடுத்த வார்த்தைக்குப் பங்கம் வரவில்லை. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன். கூடவே, அந்தத் தகரக் கொட்டகைக்குள் புகுந்து யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்றும் இருந்தது.

கொட்டகைக்குள் கிளார்க் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். கேட்டில் அடிக்கிற கட்டம் இனி முழு நம்பரையும் வாங்கும். அட்டையின் அடையாளம் முழு நம்பர். கடைசி நாலு நம்பர் பெரிசாக, அதற்கு மேலே மீதி சின்னதாக. நாலைந்து இடத்தில் மாற்றுகிற வேலைதான். இவ்வளவு சின்ன வேலைக்கா ஒரு மனுசனை நாளெல்லாம் வெயிலில் உட்கார வைத்தோம் என்று நினைக்க நினைக்க என் மேலேயே எரிச்சல் வந்தது. மாற்றி முடித்ததும் கிளார்க் நிற்கிற வண்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாக வரச்சொல்லி முழு நம்பரைக் கேட்டு அடித்தார். அண்ணன் முறை வந்தது. கிளார்க் என்னைப் பார்த்தார். கிண்டலுக்குத்தான். "இத நீயே அடிம்மா" என்று கீபோர்டைத் தள்ளினார்.

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்றது. நான் கேட்கவில்லை. அண்ணனே ஒவ்வொரு எழுத்தாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னது. நான் அடித்தேன். டி.வி.யில் அட்டை வெள்ளையாக, அது நிற்க வேண்டிய இடத்தில், மற்றவற்றுக்குக் கீழே வந்து நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்தது.

"இப்ப சரியா இருக்குல்ல பாப்பா?"

"சரியா இருக்குண்ணே."

என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. போகப்போன அண்ணன் திரும்பி வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், "நம்பர் பிளேட்டு மேல எந்நேரமும் சுண்ணாம்புதான் படிஞ்சு கெடக்கு. அது யாருக்குத் தெரியும். அத ஒண்ணும் நெனைக்காத" என்றது. "இருட்டுறதுக்குள்ள பஸ்ஸப் புடி. அண்ணிகிட்ட எதையும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன். சார் கூப்பிட்டார், சரியாகிவிட்டது சார் என்று சொல்லி வைத்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டார்கள், நாளைக்குப் பேசுகிறேன் என்றேன். போன் கையிலேயே இருந்தது. காலையில் அண்ணன் அனுப்பின போட்டோவைத் திறந்து, இரண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கினேன். மாலையைத் தாண்டி, எலுமிச்சம்பழத்தைத் தாண்டிக் கீழே வந்தேன். நம்பர் பிளேட்டைத் தனியாகத் தேய்த்துக் கழுவி, நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. ஒரு எழுத்துகூட மறையவில்லை. போட்டோவுக்குக் கீழே நான் போட்ட கட்டைவிரல் இருந்தது.